டீ குடித்தால் புற்றுநோய் வராதா?

கிரீன் டீ பாக்கெட்டின் பின்பக்கத்தில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’, அதாவது செல்கள் சேதமாகாமல் காக்கிற பொருள் நிறைந்தது என்று போட்டிருக்கும். அதுவே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது ‘தினமும் மூன்று கப் குடித்தால் கேன்சர் கிட்டவே வராது’ என்று ஆகிவிடுகிறது. வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் இந்தப் பேச்சு இன்னும் வேகமெடுக்கும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் கிரீன் டீ கட்டாயம் இருக்கும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீ குடித்தால் மனிதர்களுக்குப் புற்றுநோய் வராது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம், புற்றுநோய் அபாயம் குறைய டீ குடியுங்கள் என்றும் பரிந்துரைப்பதில்லை, குடிக்காதீர்கள் என்றும் சொல்வதில்லை. அளவோடு குடிக்கிற டீயால் புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்படவும் வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அது டீயின் சூடு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் நம் ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை.

ஆனால் ‘நிரூபணமாகவில்லை’ என்ற ஒரு சொல் யாரையும் திருப்திப்படுத்தாது. ஆய்வகத்தில் டீயிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றிருக்கிறது, அது பொய்யில்லை. அந்த உண்மை ஏன் நம் உடம்புவரை வந்து சேரவில்லை என்று புரிந்துகொண்டால், டீயைப் பற்றி மட்டுமல்ல, நாளைக்கு மஞ்சளைப் பற்றியும் முள்சீத்தாவைப் பற்றியும் வரப்போகிற செய்திகளை நாமே எடைபோட்டுப் பார்த்துவிடலாம்.

இலைக்குள் என்ன இருக்கிறது

கிரீன் டீ, கடையில் குடிக்கிற டஸ்ட் டீ, ஊலாங் டீ, ஒயிட் டீ எல்லாம் ஒரே செடியிலிருந்துதான் வருகின்றன. அதன் தாவரவியல் பெயர் கமேலியா சினென்சிஸ். குன்னூரிலும் வால்பாறையிலும் நுவரெலியாவிலும் ஜப்பானின் ஷிசுவோகாவிலும் பறிப்பது இதே செடியின் கொழுந்தைத்தான். பறித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பச்சைக் கொழுந்தில் கேட்டச்சின்கள் என்ற ஒரு வகைப் பொருட்கள் நிறைய இருக்கின்றன. வாயில் வைத்ததும் நாக்கைப் பிடிக்கிற அந்தத் துவர்ப்புக்கு முக்கியக் காரணம் இவைதான். இலையைக் கசக்கிக் காற்றுப்பட வைத்தால், இலையிலேயே இருக்கிற ஒரு நொதி இந்தக் கேட்டச்சின்களை வேறு பொருட்களாக மாற்றிவிடும். தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்று அவற்றுக்குப் பெயர். டீயின் செம்பழுப்பு நிறம் அங்கிருந்து வருகிறது. நம் ஃபேக்டரிகளில் கொழுந்தை வாட்டி, சி.டி.சி. மெஷினில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டி, காற்றில் ஊறவிட்டு, பிறகு உலர்த்துகிறார்கள். கிரீன் டீக்கு அப்படியில்லை. பறித்த கையோடு ஆவியில் காட்டியோ வறுத்தோ அந்த நொதியைச் செயலிழக்க வைத்துவிடுகிறார்கள். அதனால் கேட்டச்சின்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன.

அந்தக் கேட்டச்சின்களில் அதிகம் பேசப்படுவது ஒன்றுதான். எபிகேலோகேட்டச்சின் கேலேட் என்பது அதன் முழுப்பெயர், சுருக்கமாக இஜிசிஜி. ஒரு கப் கிரீன் டீயில் ஏறக்குறைய 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். கடை டீக்குப் போடுகிற கறுப்புத் தேயிலையில் இதைவிட மிகக் குறைவு. புற்றுநோயையும் டீயையும் சேர்த்து வருகிற செய்திகளில் பெரும்பாலானவை உண்மையில் இந்த ஒரு பொருளைப் பற்றியவை.

செம்பருத்தி டீ, ஆவாரம்பூ டீ, லெமன்கிராஸ் டீ என்று விற்பவை எல்லாம் வேறு செடிகள். அவற்றின் நல்லது கெட்டதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். டீ ஆராய்ச்சியின் முடிவுகளை அவற்றின் பாக்கெட்டில் ஒட்டக் கூடாது.

ஆய்வகத் தட்டும் மனித உடம்பும்

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறார்கள். மேலே இஜிசிஜி கரைசலை ஊற்றுகிறார்கள். செல்கள் பெருகுவது குறைகிறது, பல செல்கள் தாமாகவே அழிகின்றன. எலிகளிடம் பார்த்தபோதும் தோல், நுரையீரல், குடல் ஆகிய இடங்களில் கட்டிகள் குறைந்ததாகப் பல ஆய்வுகள் வந்தன. நம்பிக்கை அங்கிருந்துதான் கிளம்பியது. அது நியாயமான நம்பிக்கைதான். எத்தனையோ மருந்துகளின் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

சிக்கல் அளவில் இருக்கிறது. தட்டில் ஊற்றும் கரைசலில் இஜிசிஜியின் அடர்த்தி பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார். மைக்ரோமோலார் என்பது அடர்த்தியைச் சொல்கிற ஓர் அலகு, இங்கே எண்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். இரண்டு மூன்று கப் கிரீன் டீ குடித்தவரின் ரத்தத்தில் இது உச்சத்தில் இருக்கும்போதுகூடப் பெரும்பாலும் 1 மைக்ரோமோலாரை எட்டுவதில்லை. ஒரு டம்ளரில் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கினால் வாயில் வைக்க முடியாது. அதே உப்பை ஒரு பெரிய அண்டாத் தண்ணீரில் போட்டால் உப்பு இருப்பதே தெரியாது. அந்த மாதிரித்தான் இதுவும்.

குடித்த இஜிசிஜியில் மிகச் சிறிய பங்கைத்தான் குடல் உள்ளே விடுகிறது. உள்ளே போனதையும் குடலும் கல்லீரலும் சேர்ந்து வேறு உருவத்துக்கு மாற்றிவிடுகின்றன. மிஞ்சுவதும் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். உடம்பைப் பொறுத்தவரை இது வெளியிலிருந்து வந்த ஒரு வேதிப்பொருள். அதைச் சீக்கிரம் வெளியேற்றுவதுதான் அதன் வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. செல் வளர்க்கும் திரவத்தில் இஜிசிஜி நிலையாக இருப்பதில்லை. அது சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள். அப்படியென்றால் தட்டில் இறந்த செல்களில் சில இஜிசிஜியால் இறந்தனவா, அதிலிருந்து வந்த பெராக்ஸைடால் இறந்தனவா என்ற கேள்வி வருகிறது. பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஆராய்ச்சியாளர்களே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தேயிலைக் கேட்டச்சின்களில் இருந்து உண்மையாகவே ஒரு மருந்து வந்திருக்கிறது. 2006-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கிரீன் டீ கேட்டச்சின்களால் ஆன ஒரு களிம்புக்கு அனுமதி தந்தது. பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் வைரஸால் வரும் மருக்களுக்கான களிம்பு அது. புற்றுநோய் மருந்து இல்லை. ஆனால் அது வேலை செய்கிற விதம் நமக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறது. நல்ல அடர்த்தியில், நேராக அந்த இடத்திலேயே தடவுகிறார்கள். குடலும் கல்லீரலும் நடுவில் வருவதில்லை. டீயைக் குடித்து, அது ரத்தத்தில் கலந்து, மார்பகத்துக்கோ, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கோ போய்ச் சேர வேண்டும் என்பது முற்றிலும் வேறு பயணம்.

‘ஆன்டிஆக்ஸிடன்ட்தானே, எவ்வளவு போனாலும் நல்லதுதானே’ என்று கேட்பவர்களுக்கு ஃபின்லாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று தெரிந்ததால், அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று 29,133 ஆண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். எல்லோரும் புகைபிடிப்பவர்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு. அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற பெயருக்காக மட்டும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பதில்லை. விளம்பரங்கள் மட்டும் இன்னும் அதை விடவில்லை.

டீ குடிப்பவர்களையே பின்தொடர்ந்து பார்த்தால்?

அதையும் செய்திருக்கிறார்கள். ஜப்பானில் சைதாமா என்ற பகுதியில் 8,552 பேரைப் பல வருடம் கவனித்த ஒரு ஆய்வு 1997-ல் வெளியானது. தினமும் 10 கப்புக்கு மேல் கிரீன் டீ குடிப்பவர்களுக்குப் புற்றுநோய் தள்ளிப்போவதாகத் தெரிந்தது. 10 கப் என்றதும் மலைக்க வேண்டாம், அவர்கள் கோப்பை சிறியது. இந்த முடிவு உலகமெங்கும் பரவியது. இன்றைக்கு நம் கைக்கு வந்து சேரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் மூலம்.

பிறகு அதே ஜப்பானில், மியாகி பகுதியில், இன்னும் பெரிய ஆய்வுகள் நடந்தன. 26,311 பேரை வைத்து 2001-ல் வந்த ஆய்வில், தினமும் ஐந்து கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கும் வயிற்றுப் புற்றுநோய் குறையவில்லை. 40,530 பேரை வைத்து 2006-ல் வந்த ஆய்வில், கிரீன் டீ நிறையக் குடித்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களால் வரும் மரணம் குறைவாக இருந்தது, புற்றுநோய் மரணத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இங்கிலாந்தில் ஐந்து லட்சம் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களை வைத்து 2022-ல் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொன்னது. அங்கே பெரும்பாலானவர்கள் குடிப்பது கறுப்புத் தேயிலை டீ. தினமும் இரண்டு கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களின் மொத்த மரண விகிதம் ஓரளவு குறைவு, இதய நோய் மரணமும் குறைவு, புற்றுநோயில் மட்டும் தெளிவான போக்கு எதுவும் இல்லை. டீ குடிக்கிறவர்கள் சந்தோஷப்படலாம், ஆனால் அது இதயத்துக்காக.

இப்படிக் கூட்டத்தைப் பின்தொடர்கிற ஆய்வுகளில் ஒரு பலவீனம் எப்போதும் இருக்கும். கிரீன் டீ குடிக்கிறவர் நடைப்பயிற்சியும் போகலாம், காய்கறியும் அதிகம் சாப்பிடலாம், புகைபிடிக்காமலும் இருக்கலாம். நல்லது நடந்தால் பெயர் டீக்குப் போய்விடும். நேர்மாறாகவும் நடக்கும். சீனாவில் டீ அதிகம் குடிக்கிற ஆண்களில் பலர் சிகரெட்டும் அதிகம் பிடிக்கிறவர்கள். அங்கே டீயின் மேல் பழி விழும். கணக்குப் போட்டு இதையெல்லாம் கழிக்க முயற்சி செய்வார்கள், ஆனால் முழுவதும் கழிக்க முடியாது.

அதனால்தான் குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நிஜ மாத்திரையும் இன்னொரு குழுவுக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கிற ஆய்வுக்கு மதிப்பு அதிகம். இத்தாலியில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த 60 ஆண்களிடம் இப்படி நடத்தினார்கள். 2006-ல் முடிவு வந்தபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு வருடத்தில், கேட்டச்சின் சாப்பிட்ட 30 பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். வெறும் மாத்திரை சாப்பிட்ட 30 பேரில் 9 பேருக்கு. சரி, இதே மாதிரி இன்னொரு இடத்திலும் வருகிறதா என்று அமெரிக்காவில் 97 பேரிடம் பார்த்தார்கள். 2015-ல் வந்த அந்த முடிவில், கேட்டச்சின் சாப்பிட்ட 49 பேரில் 5 பேருக்குப் புற்றுநோய், வெறும் மாத்திரை சாப்பிட்ட 48 பேரில் 9 பேருக்கு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவு வித்தியாசம்தான். சின்ன ஆய்வில் பிரமாதமாகத் தெரிவது அடுத்த ஆய்வில் சுருங்கிப்போவது மருத்துவத்தில் அடிக்கடி நடக்கிற விஷயம். செய்தியில் வருவது முதல் ஆய்வு மட்டும். இரண்டாவதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இதையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2020-ல் 142 ஆய்வுகளை, 11 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களை, அலசியது. கிரீன் டீ புற்றுநோயைத் தடுக்கிறதா என்பதற்கு ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதுதான் அவர்கள் வந்து சேர்ந்த இடம். சில புற்றுநோய்களில் சிறு நன்மை தெரிகிறது, சிலவற்றில் இல்லை, சிலவற்றில் எதிர்மாறாகக்கூட இருக்கிறது.

இப்போது சூட்டுக்கு வருவோம்

ஈரானின் வடகிழக்கில், காஸ்பியன் கடலை ஒட்டி, கோலெஸ்தான் என்ற மாகாணம் இருக்கிறது. உலகத்திலேயே உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகமாக இருக்கிற பகுதிகளில் அது ஒன்று. இந்த நோய்க்கு வழக்கமாகக் குற்றவாளிகள் புகையிலையும் மதுவும். ஆனால் அங்கே இரண்டுமே குறைவு. அப்புறம் ஏன் என்று தேடியபோது கண்ணில் பட்ட விஷயங்களில் ஒன்று டீ. அங்கே கறுப்புத் தேயிலை டீயை நாள் முழுவதும் குடிக்கிறார்கள், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறார்கள்.

‘சூடாகக் குடிப்பீர்களா’ என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தத்தில் பதில் சொல்வார்கள். அதனால் ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். எதிரிலேயே புதிதாக டீ ஊற்றி வெப்பமானியை வைத்தார்கள். 75 டிகிரிக்கு வந்ததும், ‘ஒரு வாய் குடித்துப் பாருங்கள், வழக்கமாகக் குடிக்கிற சூடு இதுதானா’ என்று கேட்டார்கள். இல்லை என்றால் 5 டிகிரி இறங்கும்வரை காத்திருந்து மறுபடி கேட்டார்கள். இப்படி ஐம்பதாயிரம் பேரிடம். பிறகு சராசரியாகப் பத்து வருடம் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 50,045 பேரில் 317 பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தது. 60 டிகிரியோ அதற்கு மேலோ சூடாக, தினமும் 700 மில்லிக்கு மேல் குடித்தவர்களுக்கு, ஆற வைத்துக் குறைவாகக் குடித்தவர்களைவிட அபாயம் 90 சதவீதம் அதிகம்.

90 சதவீதம் என்றதும் பதற வேண்டாம். நூறில் தொண்ணூறு பேருக்கு வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நோய் மிக அதிகமாக இருக்கிற அந்த ஊரிலேயே, பத்து வருடத்தில், ஆயிரத்துக்கு ஆறு பேர் என்ற அளவில்தான் இது வந்திருக்கிறது. அந்தச் சிறிய எண் சூட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பதுதான் செய்தி. எந்த மருத்துவச் செய்தியில் சதவீதத்தைப் பார்த்தாலும், ‘எதில் அத்தனை சதவீதம்’ என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

அதே பகுதியில், 2009-ல் வெளியான இன்னொரு ஆய்வில், நோய் வந்த 300 பேரையும் வராத 571 பேரையும் ஒப்பிட்டார்கள். டீயை ஊற்றி இரண்டு நிமிடத்துக்குள் குடிப்பவர்களுக்கு, நான்கு நிமிடமாவது பொறுத்துக் குடிப்பவர்களைவிட அபாயம் ஐந்து மடங்கு என்று அதில் தெரிந்தது. நோய் வந்தபிறகு பழைய பழக்கத்தை நினைவிலிருந்து சொல்வதில் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனாலும் எல்லா ஆய்வுகளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2016-ல் பிரான்சின் லியோன் நகரில் நிபுணர்களைக் கூட்டி, 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் ‘மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் சேர்த்தது. டீயோ காபியோ சுடுதண்ணீரோ, எதுவானாலும் சூடுதான் குற்றவாளி. உணவுக்குழாயின் உட்சவ்வு திரும்பத் திரும்பச் சுடப்படுகிறது. அந்தப் புண் ஆற ஆற அங்கே புதிய செல்கள் உருவாக வேண்டியிருக்கிறது. செல்கள் அதிகமாகப் பிரியும்போது தவறுகள் சேர வாய்ப்பும் அதிகமாகிறது. புகையிலை, மது போன்றவற்றின் நச்சு அந்தப் புண்பட்ட இடத்தில் சுலபமாக இறங்குகிறது.

கடைசியாகச் சொன்னதற்குச் சீனாவிலிருந்து வலுவான சான்று இருக்கிறது. நாலரை லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், டீயைக் கொதிக்கக் குடிக்கும் பழக்கமும் மதுப்பழக்கமும் சேர்ந்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் ஐந்து மடங்கு. சூடான டீயோடு சிகரெட் சேர்ந்தால் இரண்டு மடங்கு. மதுவும் சிகரெட்டும் இல்லாமல் டீ மட்டும் குடித்தவர்களிடம் அப்படி ஏறவில்லை. நம் ஊர் டீக்கடை வாசலில் ஒரு கையில் கிளாஸும் இன்னொரு கையில் சிகரெட்டுமாக நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வருகின்றன. டீயால் புற்றுநோய் குறையுமா என்று விசாரிப்பவர் கையில் அந்தச் சிகரெட் இருந்தால், பேச வேண்டியது டீயைப் பற்றி இல்லை. உலகில் புற்றுநோயால் இறப்பவர்களில் நான்கில் ஒருவர் புகையிலையால் இறக்கிறார். புகையிலை போடாத வெற்றிலை பாக்குக்கும் விலக்கு இல்லை, பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகியிருக்கிறது.

அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே கிளாஸில் ஊற்றிய டீ 65 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். நல்லவேளையாக நம்மிடம் ஆற்றுகிற பழக்கம் இருக்கிறது. மாஸ்டர் குவளையிலிருந்து உயரத் தூக்கி ஊற்றி நுரை எழுப்புவது அழகுக்கு மட்டுமல்ல. ஒவ்வொரு தடவை காற்றில் நீளமாக இழுக்கும்போதும் சூடு இறங்குகிறது. ‘நல்லா ஆத்திக் கொடுங்க’ என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் என்றால் ஊற்றி நாலைந்து நிமிடம் வைத்துவிட்டுக் குடியுங்கள். ஊதாமல், உறிஞ்சாமல், ஒரு வாய் நிறைய நிம்மதியாக விழுங்க முடிகிறதா? முடிந்தால் அந்தச் சூடு சரி. கிளாஸை விளிம்பில் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடிக்க வேண்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மாத்திரையாகச் சாப்பிட்டால்?

கப்பில் இருப்பது போதவில்லை என்றால் கேப்சூலாகச் சாப்பிடலாமே என்று தோன்றும். மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் ‘கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்’ என்று விற்கிறார்கள், பெரும்பாலும் உடல் எடை குறைக்க என்று சொல்லி. இதில்தான் எனக்கு உண்மையான கவலை. அதிக அளவு இஜிசிஜி கல்லீரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எல்லாத் தரவுகளையும் பார்த்துவிட்டு, மாத்திரை வடிவில் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயர்வதாகச் சொன்னது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அளவுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்கு ஒரு வருடம் சுமார் 843 மில்லிகிராம் இஜிசிஜி கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புள்ள மார்பகத் திசு அடர்த்தி மொத்தத்தில் குறையவில்லை. கல்லீரல் நொதிகள் மட்டும் மாத்திரைக் குழுவில் கூடுதலானவர்களுக்கு ஏறின. சாதாரணமாகக் குடிக்கிற டீயில் இந்தப் பயம் இல்லை. ஒரே வீச்சில் யாரும் பத்துப் பன்னிரண்டு கப் குடிப்பதில்லை.

நம் வீட்டு டீ

பால் ஊற்றினால் டீயின் நன்மை போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். பாலின் புரதம் டீயின் பொருட்களோடு ஒட்டிக்கொள்வது உண்மை. அதனால் நடைமுறையில் எவ்வளவு நஷ்டம் என்பதில் ஆய்வுகள் இருவிதமாகவும் வருகின்றன. மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் பால் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதற்காகப் பிடித்த பால் டீயை விட வேண்டாம்.

சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டீ என்றால் எட்டு ஸ்பூன், முப்பது கிராமைத் தாண்டிவிடும். இப்படிச் சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிட்டால் பஜ்ஜிக்குப் பக்கத்தில் இருக்கிற மைசூர்பாவுக்கு இடமில்லை. அதிகப்படியான உடல் எடைக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருப்பது தெளிவாகியிருக்கிறது. புற்றுநோய்க்குப் பயந்து தேன் கலந்த கிரீன் டீயை ஐந்து வேளை குடிப்பவர் இதையும் யோசிக்க வேண்டும்.

ரத்தசோகை இருக்கிற பெண்கள் சாப்பாட்டோடு டீ குடிக்கக் கூடாது. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது. இட்லியோடு சேர்த்தே டீயைக் கொண்டுவந்து வைக்கிற வீடுகளில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே போதும்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போது ஒருவர் தனக்குப் பிடித்த டீயைக் குடிப்பதில் பொதுவாகத் தடை இல்லை. வாய்க்கு எதுவும் பிடிக்காமல் போகிற நாட்களில் ஒரு டம்ளர் டீ பெரிய ஆறுதல். கீமோவாலோ கதிர்வீச்சாலோ வாயிலும் தொண்டையிலும் புண் இருந்தால் நன்றாக ஆறிய பிறகு கொடுங்கள்.

கிரீன் டீ கேப்சூல், பொடி, ‘இயற்கை’ என்று விற்கிற எந்தச் செறிவூட்டிய சாறும் வேறு விஷயம். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் போர்டிசோமிப் என்ற மருந்து தருகிறார்கள். அந்த மருந்தின் மூலக்கூறில் போரான் இருக்கிறது. இஜிசிஜி அதோடு போய் ஒட்டிக்கொள்கிறது, மருந்து வேலை செய்யாமல் போகிறது. 2009-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைச் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். மருந்துக்குத் துணையாக இருக்குமா என்று பார்க்கத்தான் அந்த ஆய்வைத் தொடங்கினார்கள், கிடைத்ததோ இந்த முடிவு. லட்சக்கணக்கில் செலவு செய்து ஏற்றுகிற மருந்தை, அன்பாக யாரோ வாங்கிக்கொடுத்த ஒரு டப்பா கேப்சூல் வீணாக்கிவிடக்கூடாது.

அதனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் நோயாளி சாப்பிடுகிற கேப்சூல், பொடி, கஷாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, டப்பாவைக் காட்டினால் போதும். டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களே மேசைமேல் எடுத்து வையுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். எதை நிறுத்த வேண்டும், எது இருந்தால் பரவாயில்லை என்று அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.